போறணைக்குப் போன சமாதானத் தட்டு

கல்முனை,
பெப்ரவரி 15.

மரியாதைக்குரிய மச்சான் பர்ஸான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் சுகம், கடையும் சுகம். கொழும்பில் நீங்களும் பிள்ளைகளும் அவ்வாறே இருக்க துஆச் செய்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் மரைக்காரையும் கூட்டிக்கொண்டு என்னை விசாரிக்க வருவதாகப் போனில் சத்தம் போட்டீர்கள். வரத் தேவையில்லை. ஏனென்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் இடையில் கத்துவீர்கள். கடிதத்தில் நான் மட்டும்தான் கதைக்கலாம்.

உங்கள் ராத்தா, என் பெண்சாதி சுபைறா, என்னை வீட்டை விட்டுப் போகச் சொன்னது உண்மை. மற்ற ஊர்களில் பெண்சாதி கோபித்தால் தாய்வீட்டுக்குப் போவாளாம். நம்மட ஊரில் வீடே அவள் பேரில்; உங்கள் வாப்பா கட்டிக் கொடுத்தது. ஆகவே போகவேண்டியவன் நான். ஒன்பது நாள் கடையில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் படுத்தேன். காரணத்தையும் மறைக்க மாட்டேன். முப்பது வருடமாக மரக்கறி யாவாரம் செய்கிறேன். முதல்தரமானது ஹோட்டல்களுக்குப் போகும், இரண்டாந்தரம் சந்தைக்குப் போகும், நசிந்தது என் வீட்டுக்குப் போகும். அவள் போகச் சொன்ன அன்றைக்கும் அப்படி ஒரு பை தக்காளியோடுதான் போனேன். அவள் பையைத் திறந்து பார்த்தாள், திரும்ப என் கையிலேயே தந்தாள். "ஊருச் சனமெல்லாம் ஒங்கட கடையில நல்லது வாங்குது. ஒங்கட பொண்டாட்டிக்கு மட்டும் முப்பது வருசமா விக்காததா? போங்க. நல்லதோட வந்தாத்தான் இந்தக் கதவு திறக்கும்."

ஒலுவில் கெம்பஸில் படிக்கும் மகள் அம்ஹாவிடம் முறையிட்டேன். "வாப்பா, நாளைக்கழிச்சு பெப்ரவரி பதினாலு, காதலர் தினம். ஒங்கட கையால என்னவாவது ஆக்கிக் குடுங்க" என்றாள். "அது நம்மட நாளில்ல புள்ள" என்றேன். "உம்மாவோட சமாதானமாகிறதுக்கும் நாள் பாக்கணுமோ?" என்று கேட்டாள். அந்த நாள் எனக்குத் தெரியாததும் அல்ல. வருடா வருடம் அந்தக் கிழமையில் ஹோட்டல்காரர்கள் சிவப்பும் மஞ்சளுமாக பெல் பெப்பர் கேட்டு என் உயிரை எடுப்பார்கள். அம்ஹா ஒரு படம் அனுப்பினாள். தக்காளி, கத்தரி, கரட், பூசணி, பெல் பெப்பர் எல்லாவற்றையும் வட்டமாக வெட்டி, நிறம் மாற்றி மாற்றி இரண்டு அடுக்காக அடுக்கி, மேலே சீஸ் தூவி, பேக்கரிப் போறணையில் வேகவைக்க வேண்டுமாம். பார்க்கப் பெருநாள் சட்டைத் துணி விரித்தது போல இருந்தது.

நேற்று காலையில் நுவரெலியாவிலிருந்து வந்த பெட்டிகளை உடைத்து, ஹோட்டலுக்குப் போகவேண்டியதில் கையை வைத்தேன். ஹோட்டல்காரர் ஏசினார், ஏசட்டும் என்று விட்டேன். மரக்கறியைக் கையால் தொட்டே பறித்து எத்தனை நாள் என்று சொல்லுவேன் மச்சான், ஆனால் வெட்டத் தெரியாது. கரட் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தடிப்பு, என் விரலிலும் ஒரு வெட்டு. அடுக்கத் தொடங்கும்போதே தம்புள்ளை லொறிக்காரன் போன் எடுத்தான், லொறி பழுதாம், போனைத் தோளில் இடுக்கி, அவனோடு சண்டை பிடித்துக்கொண்டே மிச்சத்தையும் வெட்டி அடுக்கி முடித்தேன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டில் போறணை ஏது? பாண்டிருப்பில் நல்லரெத்தினம் அண்ணரின் பேக்கரிக்கு ஓட்டோவில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு போனேன். அவர் துணியை விலக்கிப் பார்த்தார். "முதலாளி, இது ஆருக்கு?" "பொண்டாட்டிக்கு." "அப்ப நானே பக்கத்துல நிண்டு பாக்கன். பாண் கருகினா பாண் மட்டுந்தான் போகும்." அந்த மனிசன் சொன்னபடி நின்றார். கருகவில்லை. போறணையிலிருந்து வெளியே வந்தபோது அந்த நிறத்தைப் பார்க்க, பாண் வாங்க வந்தவர்களெல்லாம் கூடிவிட்டார்கள்.

அஸர் தொழுதுவிட்டுக் கதவைத் தட்டினேன்.

"ஆரு?"

"நான்தான்."

"நான்தான் எண்டா ஆரு?"

"முகைதீன்பாவா."

"நல்லதோட வந்தீங்களா?"

"ஓம் புள்ள, பாரு."

கதவு திறந்தது. தட்டைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததை நான் கண்ணால் கண்டேன், பொய்யில்லை. உள்ளே போய்க் கரண்டியோடு வந்தாள். வந்தவள் மேலே தொடவில்லை, கரண்டியை நேரே அடிக்கு இறக்கிக் கிளப்பினாள். "ஒங்கட கூடைய மேலால பாத்து ஏமாறுறதுக்கு நான் என்ன புது யாவாரியா?"

கரண்டியில் நசிந்த தக்காளி. பக்கத்தில் கறுத்த கத்தரித் துண்டு. மச்சான், வல்லாஹி, நான் வேண்டுமென்று செய்யவில்லை. நல்லது மேலே, நசிந்தது கீழே என்று முப்பது வருடம் பெட்டி அடுக்கின கை. நான் லொறிக்காரனோடு சண்டை பிடிக்க, அது தன்பாட்டில் நசிந்ததைப் போடுகிற மூலைக்கூடையிலிருந்து எடுத்து அடியில் போட்டிருக்கிறது. உள்ளதை உள்ளபடி சொன்னேன். சரி, வெங்காய மூட்டைதான் என்று நான் செருப்பைத் தேடினேன்.

"எங்க போறீங்க? இரிங்க." இரண்டு பீங்கான் வைத்தாள். மேல் அடுக்கு முழுவதும் தன் பீங்கானில். அடி அடுக்கு முழுவதும் என் பீங்கானில். "முப்பது வருசம் நான் திண்டது. இண்டைக்கு நீங்க தின்னுங்க."

தின்றேன். உள்ளதைச் சொன்னால் ருசியாக இருந்தது. அதையும் வாய் விட்டுச் சொல்லிவிட்டேன். "ருசி எண்டு எனக்குத் தெரியாதா? ஒங்கட நசிஞ்சதுல ருசி வரவழைச்சது ஆரு? நான் ருசியா கேட்டன்? முதல் பெட்டி உடைக்கக்குள்ள என்னையும் நினைங்க எண்டுதான் கேட்டன்" என்றாள். பிறகு தன் பீங்கானிலிருந்து ஒரு சிவப்புத் துண்டை எடுத்து என் பீங்கானில் வைத்தாள். மரைக்கார் வந்து பேசினாலும் இதற்குமேல் ஒரு சமாதானம் கிடைக்காது.

இனி ஒவ்வொரு நாளும் முதல் பெட்டியின் மேல் அடுக்கு வீட்டுக்குத்தான். நசிந்ததைக் குடும்பத்தாரின் தலையில் கட்டுகிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிட்டேன். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தருவானாக. பிள்ளைகளுக்கு என் ஸலாம்.

இப்படிக்கு,
வீட்டிலிருந்து எழுதும்,
மச்சான் முகைதீன்பாவா

பி.கு: இதோடு கொழும்பு பஸ்ஸில் உங்களுக்கு ஒரு பெட்டி தக்காளி போட்டிருக்கிறேன். மேலே உள்ளதை ஆறுதலாகச் சாப்பிடலாம். அடியில் உள்ளதை மட்டும் பெட்டி கிடைத்த அன்றைக்கே ஆக்கிவிடுங்கள், தாங்காது. ராத்தாவிடம் சொல்ல வேண்டாம்.