ஆட்டம் இல்லாத ரத்தம்

மாப்பிள்ளை வீட்டார் கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கிவிட்டதாகத் தகவல் வந்தபோது, கோலப்பனால் நிமிர முடியவில்லை. இடது காலை ஊன்றினால் இடுப்பில் மின்னல் வெட்டியது.

“ரெண்டு சீனி மூடைய ஒண்ணாத் தூக்கணும்னு யாராவது கேட்டாவளா?” என்றாள் மனைவி தாணம்மாள், தைலம் தேய்த்தபடி.

யாரும் கேட்கவில்லை. பெருமைதான் தூக்க வைத்தது.

கோலப்பன் குடும்பத்தில் ஆண்களுக்கு நாற்பது தாண்டினால் கை நடுங்கும், நடை தள்ளாடும். அப்பாவுக்கு வந்தது, அண்ணனுக்கும் வந்தது. ஆரியசாலைச் சந்தையில் சுமை தூக்கும் கோலப்பன், கல் தடுக்கினால்கூட நம்ம முறை வந்தாச்சு என்று வியர்த்துப்போவான். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து, மாசக்கணக்கில் காக்க வைத்து, போன வாரம் டாக்டர் சொன்னார்: “பேடிக்கண்டா கோலப்பா, பயம் வேண்டாம். உனக்கு அது இல்ல, இனி வராது. உன் பிள்ளைக்கும் வராது.”

அன்றிலிருந்து அவன் நடக்கவில்லை, எழுந்தருளினான். டீக்கடையில் ஒற்றைக்காலில் நின்று டீ குடித்தான். லாரிப் பலகையில் கைவீசி ஏறினான். அண்ணன் வீட்டுக்குப் போக மட்டும் கால் வரவில்லை.

மகள் ஆதிராவுக்கு இந்தச் சம்பந்தம் ரிசல்ட்டுக்கு முன்பே வந்தது. நோய் விஷயம் தெரிந்து வந்தார்களா, தெரியாமலா என்று கேட்கப் பயந்திருந்தவன், ரிசல்ட் வந்ததும் தரகர் மூலம் முதல் வேலையாகச் சொல்லி அனுப்பினான்.

“இப்பம் நான் ஆடிக்கிட்டுப் போய் நின்னா எவன் நம்புவான்? பிள்ள கல்யாணம் போச்சு,” என்றான் கோலப்பன், இடுப்பைப் பிடித்தபடி.

“நாற்காலியில இருந்துகிட்டே கும்பிடுங்க,” என்றாள் தாணம்மாள்.

“சம்பந்தக்காரங்க வரும்போ எழும்பலன்னா திமிருன்னு சொல்லுவாவ அப்பா,” என்றாள் ஆதிரா.

வேட்டிக்குள் துண்டை இறுக்கிக் கட்டி அவனைக் கதவோடு சாய்த்து நிறுத்தினார்கள். நின்றான். மூச்சுதான் வரவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா திரவியம், மனைவி பகவதியம்மாளை ஒட்டியபடியே வந்து உட்கார்ந்தார். பதிலுக்குக் கும்பிடவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். ஆதிரா நீட்டிய டீயையும் எடுக்கவில்லை.

சந்தேகப்படுகிறார் என்று கோலப்பனுக்குத் தோன்றியது. சட்டென்று மகளிடமிருந்து தட்டை வாங்கினான்.

“நானே தாறேன் அண்ணாச்சி. கையப் பாத்துக்கிடுங்க, ஒரு துளி சிந்தாது.”

கை ஆடவில்லை. மூன்றாவது எட்டில் துண்டு அவிழ்ந்தது, மின்னல் வெட்டியது, டீ அத்தனையும் திரவியத்தின் மடியில் இறங்கியது. கோலப்பன் அவர் காலடியில் கிடந்தான்.

“அண்ணாச்சி, இது அது இல்ல,” என்றான் கிடந்தபடியே. “மூடை தூக்கினதுல பிடிச்சது. எங்க ரத்தத்துல ஆட்டம் இல்லன்னு டாக்டரே சொல்லியாச்சு. அடுத்த வாரம் வாங்க, தென்னையில ஏறிக் காட்டுகேன்.”

திரவியம் தலை குனிந்துகொண்டார். பகவதியம்மாள் அவர் கையை மெல்ல வெளியே எடுத்துத் தன் மடியில் வைத்தாள். அது பிடிக்குள் அடங்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

“அந்த ரிசல்ட்டக் கேட்டதுலேருந்துதான் அண்ணாச்சி எங்களுக்கு உறக்கமில்ல,” என்றாள் அவள். “ஆட்டம் உள்ள வீடுன்னா எங்கள வேண்டாம்னு சொல்ல மாட்டாவன்னு நம்பியாக்கும் இந்தச் சம்பந்தத்துக்கே வந்தோம்.”