லட்டு கொடுத்துச் சொன்ன சேதி

கெட்ட சேதியை இனிப்போடு சொல்லவே கூடாது. இந்த ஞானம் எனக்கு நெய்வேலியில், ஒரு ஷிப்ட் ஆட்கள் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்தது. (மானம் போனால்தான் ஞானம் வரும் என்றால், நான் மகா ஞானி.)

அப்போது சுரங்க வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். டோக்கன் போய், வருகைப் பதிவுக்கு விரல் ரேகை மிஷின் வரப்போகிறது; இனி தாமதமாக வந்தால் கூலியில் பிடிப்பார்கள். அதைத் தொழிலாளர்களிடம் பக்குவமாகச் சொல்வது என் பொறுப்பு. மாற்றத்தைக் கொண்டாட்டமாக்க வேண்டும் என்று சென்னையில் ஒரு பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். விடுவேனா? காலையில் கேட்டில் நின்று ஆளுக்கொரு லட்டு கொடுத்தேன். "சாயங்காலம் நல்ல சேதி இருக்குண்ணே" என்று சிரிப்பு வேறு.

டீக்கே கணக்குப் பார்க்கிற கம்பெனி லட்டு கொடுத்தால் என்ன நினைப்பார்கள்? நெய்வேலியில் காண்ட்ராக்ட் ஆள் காத்திருப்பது ஒரே சேதிக்குத்தான்: பர்மனென்ட். மத்தியானத்துக்குள் அந்த வதந்தி பக்கத்து ஊரான கம்மாபுரம் வரை போய்விட்டது.

சாயங்காலம் கேட்டில் பட்டாசு வெடித்தது. என் கழுத்தில் மாலை விழுந்தது. 'அடேயப்பா, ஒரு மிஷினுக்கா இத்தனை வரவேற்பு!' என்று பூரித்துப்போய், மைக்கைப் பிடித்து விஷயத்தைச் சொல்லி முடித்தேன்.

கைத்தட்டலுக்காகக் காத்திருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "இதுக்காடா வெடி வாங்கினோம்?"

செல்வராசு அண்ணன் பக்கத்தில் வந்தார். சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு, வருஷக்கணக்காகக் காண்ட்ராக்டிலேயே இருப்பவர்.

"வூட்ல எம் பொண்டாட்டி ஊரையே கூப்ட்டு வச்சிக்கினு ஒக்காந்திருக்கா மேடம். நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு போவேன்? நீங்களே வந்து சொல்லுங்க."

போனேன். பதற்றத்தில் மாலையைக் கழற்றவே தோன்றவில்லை. அதைப் பார்த்ததும் அவர் மனைவி ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு ஓடி வந்தார்.

"அக்கா... பர்மனென்ட் இல்லக்கா. மிஷின்தான் வருது" என்று உளறினேன். பயிற்சியில் படித்த ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது.

அந்த அக்கா ஆரத்தித் தட்டைக் கீழே வைத்தார். கூடியிருந்த சொந்தக்காரர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"பாயசம் வச்சிட்டேன். கீழவா ஊத்த முடியும்? வா, வந்து குடிச்சிட்டுப் போ."

குடித்தேன்.

இன்றும் நான் எதையாவது இழுத்து இழுத்துச் சொன்னால், என் வீட்டுக்காரர், "மொதல்ல மாலையக் கழட்டும்மா" என்பார்.

செல்வராசு அண்ணன் இன்னும் காண்ட்ராக்ட்தான். தீபாவளிக்குத் தீபாவளி தவறாமல் போன் செய்வார்.

"மேடம், லட்டு கொண்டாறோம். பயப்படாதீங்க, சேதி ஒண்ணும் இல்ல."