கண்டக்டர் வாயில் கம்பி

"அப்பா போட்டா நானும் போடுவேன். இல்லன்னா எனக்கு வேண்டாம்!"

ஜெஸ்மி குளியலறைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு சொன்னாள். வெளியே, காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஜெயசிங் நின்றுகொண்டிருந்தார். மார்த்தாண்டம் – நாகர்கோவில் பஸ்ஸில் கண்டக்டர். இருபது வருஷமாக நின்றே பிழைத்தவர். வீட்டுக்கு வந்தும் நிற்க வேண்டியிருந்தது.

"கேட்டியளா, டாக்டர் கம்பி போடணும்னு சொல்லியாச்சு" என்றாள் மனைவி ரெஜிலா. "இனி தள்ளிப்போட முடியாது."

போன மாதம் பல் ஆஸ்பத்திரிக்கு ஜெஸ்மியைக் கூட்டிப்போனபோது அவரும் போயிருந்தார். உள்ளே மட்டும் போகவில்லை; முன்னறைப் பெஞ்சிலேயே இருந்துவிட்டார்.

"ஏட்டி, நாப்பத்தாறு வயசுல எனக்குக் கம்பியா?"

கேட்கும்போதே அவருக்கு ஒரு யோசனை வந்தது. இந்த வயதுக்கு எந்த டாக்டர் கம்பி போடுவார்?

"செரி மக்கா. டாக்டர் சம்மதிச்சா நான் போடுகேன்."

கதவு உடனே திறந்தது.

டாக்டரோ பெரிதாகச் சிரித்தார். "ஈறும் எலும்பும் நல்லா இருந்தா வயசு ஒரு தடையே இல்ல. பிள்ளையளுக்கு எலும்பு வளருற பருவம், பல்லு சொன்ன பேச்சக் கேக்கும். பெரியவங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் காலம் எடுக்கும், அவ்வளவுதான்."

ஜெயசிங் மறுத்துப் பேச வாயைத் திறந்தார். டாக்டர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு கண்ணாடியை உள்ளே விட்டார்.

கம்பி ஏறியது. "பரீட்சை முடியட்டும்ப்பா, நானும் போடுகேன்" என்றாள் ஜெஸ்மி.

மறுநாள் விசிலை ஊதியதும் உதட்டின் உள்பக்கம் கிழிந்தது. கம்பி குத்தும் இடத்தில் ஒட்டிக்கொள்ள டாக்டர் மெழுகு கொடுத்தார். மெழுகு விசிலுக்குள் போய் அடைத்துக்கொண்டது. வில்லுக்குறியில் இறங்க வேண்டிய அம்மாளை பஸ் சுங்கான்கடையில் கொண்டுபோய் விட்டது.

"விசில் அடிக்கப்படாதா ஓய்? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார் அந்த அம்மாள்.

விசிலை விட்டுவிட்டு வாயால் கத்திப் பார்த்தார். தக்கலை தப்பித்தது. அடுத்து அழகியமண்டபம், "அயகியமண்டபம்!" என்று வந்தது. ழகரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஊர். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முன்சீட்டில் இருந்த தமிழாசிரியர் திருத்தித் திருத்திப் பார்த்து, கடைசியில் தன் நிறுத்தத்துக்கு முன்பே இறங்கிப்போனார்.

"எனக்கு இது சீக்கிரம் முடியணும் டாக்டர்" என்று கெஞ்சினார் ஜெயசிங்.

டாக்டர் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் இழுத்துக் கட்டச் சின்னச் சின்ன ரப்பர் வளையம் கொடுத்தார். அடுத்த நாள் "ரைட்!" என்று ஜெயசிங் கத்திய வேகத்தில் ஒரு வளையம் தெறித்துப்போய் டிரைவர் குமாரதாசின் பிடரியில் பட்டது. குமாரதாஸ் பிரேக்கை மிதித்தார். நின்றவர்கள் எல்லாம் உட்கார்ந்தவர்கள் மடியில் விழுந்தார்கள்.

"ஏலே ஜெயசிங், வண்டி நிக்கணும்னா விசில் அடி. கல்லெடுத்து எறியாத!"

வீட்டிலும் நிம்மதி இல்லை. ரெஜிலாவும் ஜெஸ்மியும் நேந்திரங்காய் வறுவலைக் கறுக்மொறுக்கென்று கடித்தார்கள். அவர் கஞ்சியை ஊதி ஊதிக் குடித்தார். சில நாள் எல்லாவற்றையும் குறட்டால் பிடுங்கி எறிந்துவிடத் தோன்றும். பிறகு மகள் முகம் நினைவுக்கு வரும். நாளைக்கு அவள் நாலுபேர் முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கக் கூடாது. பிள்ளைக்காகத்தானே என்று இன்னொரு வாய் கஞ்சி குடிப்பார்.

பரீட்சை முடிந்தது. "கிறிஸ்துமஸ் பாட்டு முடியட்டும்ப்பா" என்றாள் ஜெஸ்மி. பாட்டும் முடிந்தது. "காய்ச்சல் வாற மாதிரி இருக்குப்பா" என்றாள்.

அன்று ஜெயசிங்குக்குப் பொறுமை போய்விட்டது. லீவு போட்டு இரண்டு பேரையும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். முன்னறையில் இருந்த உதவியாளர் பெண்ணின் எதிரே மகளை நிறுத்தினார்.

"எனக்குப் போட்டு மாசம் ஆறாச்சு. என்னால விசில் அடிக்க முடியல்ல, ஒரு ஊர் பேரு சொல்ல முடியல்ல, மரச்சீனிக் கிழங்கு தின்னதே மறந்து போச்சு. எல்லாம் இவளுக்கு வேண்டி. இன்னைக்கு இவளுக்குக் கம்பி போடாம நான் போகமாட்டேன்!"

ரெஜிலா மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தாள். ஜெஸ்மி தன் செருப்பைப் பார்த்தாள்.

உதவியாளர் பெண் ஜெஸ்மியின் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இவளுக்கு எதுக்கு சார்? பல்லு நல்ல வரிசையால்லா இருக்கு! அன்னைக்கு டாக்டர் கம்பி போடணும்னு சொன்னது, இந்தப் பெஞ்சில வாயத் தொறந்து உறங்கிட்டிருந்த உங்களப் பாத்துல்லா!"