கிள்ளான் வந்ததும் விழும் முள்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.
1934ஆம் வருஷம், ஆடி மாதம், திங்கட்கிழமை.

கிள்ளானில் லோரி முதலாளியாக விளங்கும் என் மரியாதைக்குரிய சம்பந்தி ஸ்ரீமான் ரெங்கசாமி அவர்கள் சமூகத்துக்கு, ரயில்வேயில் இஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற பக்கிரிசாமி பணிவுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் அனைவரும் சுகம். அனைவரும் என்றால் நான் ஒருவன்தான். என் மனைவி வீரம்மா போய்ச் சேர்ந்து, புஷ்பவல்லியையும் உங்கள் வீட்டுக்கு மருமகளாக அனுப்பிவிட்ட பிறகு, இங்கே சுகமாக இருக்க வேறு யாரும் பாக்கி இல்லை. அவ்விடம் தாங்களும், சம்பந்தி அம்மாள் சீதாலெட்சுமி அவர்களும், மாப்பிள்ளையும், என் மகளும், தங்கள் லோரிகளும் நல்லபடியாக ஓட முருகன் துணை இருப்பானாக.

நேற்று ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பும் நேரத்தில், என் மோட்டார் சைக்கிளில் எண்ணெய் அமுக்கம் காட்டுகிற ஆயில் கேஜின் முள் விழுந்து கிடந்ததைப் பார்த்துத் தாங்கள் அன்போடு ஒரு வார்த்தை சொன்னீர்கள். "சம்பந்தி, வாராவாரம் உங்க வண்டி எங்க வீட்டு வாசல்லயே வந்து படுத்துக்குது. வர்ற சனிக்கிழமை நம்ம பிட்டர் தங்கமணிய அனுப்புறேன். ஒரேயடியா சரி பண்ணிக் குடுத்துருவான்" என்றீர்கள். இந்தக் காலத்தில் சம்பந்தியின் வண்டிக்காகச் சொந்தச் செலவில் பிட்டரை அனுப்புகிறவர் யார் இருக்கிறார்? தங்கள் பெருந்தன்மையை நினைத்துக் காலையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தயவு செய்து அவனை அனுப்ப வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதை விளக்கமாகச் சொல்லாவிட்டால் தாங்கள் தப்பாக நினைக்கக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

தங்களுக்குத் தெரியாதது இல்லை, பெண்ணைக் கொடுத்த வீட்டில் அழைப்பில்லாமல் போய்க் கை நனைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமே கிடையாது. பொங்கலுக்கு அழைத்தீர்கள், வந்தேன். தீபாவளிக்கு அழைப்பீர்கள், வருவேன். இடையில் பேரப்பிள்ளை ஏதாவது பிறந்தால் வர ஒரு காரணம் கிடைக்கும், அதற்கும் இன்னும் வேளை வரவில்லை. ஆகையால் இந்தப் பக்கிரிசாமி மகளைப் பார்க்கத்தான் வாராவாரம் கிள்ளானுக்கு வருகிறான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நான் வண்டி ஓட்டிப் பார்க்க வருகிறேன். வண்டி அங்கே வந்து நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

கேஜ் எதற்கு என்று கேட்பீர்கள். வேலையில் இருந்த காலமெல்லாம் என் கண் இஞ்சினின் நீராவி கேஜ் முள்ளின் மேலேயே இருந்தது. முள் இறங்கினால் நான் பயர்மேனைப் பார்ப்பேன், அவன் கரியை அள்ளிப் போடுவான், முள் ஏறும். அவன் வீட்டுச் சண்டையைச் சொல்லுவான், நான் என் வீட்டுச் சண்டையைச் சொல்லுவேன், அதற்குள் கிள்ளான் வந்துவிடும். ஓய்வு கொடுத்த அன்று மாலை போட்டு, கையில் ஒரு கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். அதிலும் முள் இருக்கிறது. ஆனால் அது நான் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, என் தயவு அதற்கு வேண்டியதே இல்லை. அதனால்தான் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னத்துரை சீமைக்குப் போகும்போது விட்டுப்போன இந்த மோட்டார் சைக்கிளை வாங்கினேன். வாங்கி உட்கார்ந்தால் அதில் முள்ளே இல்லை! பக்கத்து வீட்டுக் கனகலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வே ஆபீசில் கிளார்க், அவரிடம் "கண்ணை எங்கே வைத்து ஓட்டுவது?" என்று கேட்டேன். "ரோட்டில வையுங்கோவன்" என்றார். ஆபீஸ்காரருக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது?

பழைய இரும்புக் கடையில் ஓர் உடைத்துப் போட்ட ரயில் இஞ்சினின் கேஜ் கிடந்தது. சோற்றுத் தட்டு அளவு, பித்தளை, நன்றாகத் துலக்கி ஹாண்டில்பாரில் கட்டினேன். பம்பிலிருந்து எண்ணெய் போகிற குழாயில் ஒரு கிளை எடுத்து இதற்குச் சேர்த்தேன். வண்டியை மிதித்தேன். முள் அசையவில்லை. சரி, எண்ணெய் ஏறவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். அப்போதும் அசையவில்லை. டின் காலியாகும் வரை ஊற்றினேன். பிறகு வந்த புகையில் எங்கள் வரிசை வீடுகள் எல்லாம் மறைந்துவிட்டன, கோயிலுக்குப் போன பெண்கள் திரும்பி வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் தெருவிலேயே நின்றார்கள். புகைக்குள்ளிருந்து கனகலிங்கம் குரல் மட்டும் வந்தது. "என்ன அண்ணை, ஸ்டேஷனை வீட்டுக்கே கொண்டு வந்திட்டியளோ? காயப்போட்ட என்ர வெள்ளைக் காற்சட்டை எல்லாம் கறுத்துப் போச்சு!"

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அது கொதிகலன் நீராவிக்கு, இருநூறு பவுண்டுக்குப் பக்கத்தில் அமுக்கம் காட்டுவதற்குச் செய்த கேஜ். மோட்டார் சைக்கிள் எண்ணெயின் பத்துப் பவுண்டு அதற்குக் கிச்சுகிச்சு மூட்டக்கூடப் போதாது. வாழ்நாள் பூராவும் அந்த ஒரு கேஜையே பார்த்தவனுக்கு, உலகத்தில் வேறு கேஜும் இருக்கும் என்று தோன்றவே இல்லை பாருங்கள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தேன். வீரம்மா இருந்திருந்தால் தெருவெல்லாம் போய்ச் சொல்லிச் சிரித்திருப்பாள். பிறகு, ஆளில்லாத வீட்டில் ஒருவன் சிரிக்கிற சத்தம் வெளியே கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று நிறுத்திக்கொண்டேன்.

அப்புறம் பத்து ரோடு என்கிற கடைத்தெருவில் ஒரு கடையில் முறையான சின்ன ஆயில் கேஜாக வாங்கி மாட்டினேன். முள் எழுந்து நின்றது. அந்தச் சந்தோஷத்தில் எந்தப் பக்கம் போகிறோம் என்று யோசிக்காமல் ஓட்டியதில் வண்டி பெட்டாலிங் தாண்டி கிள்ளான் ரோட்டில் போய்விட்டது. கேஜுக்குப் போகிற செப்புக் குழாயைச் சுருட்டி விடாமல் விறைப்பாக மாட்டியிருந்தேன், பத்து தீகா என்கிற ஊர்ப் பக்கம் வண்டியின் அதிர்வில் அது வெடித்து, எண்ணெய் முழுக்க என் சட்டையிலும் முகத்திலும் அடித்தது. அந்தக் கோலத்தில்தான் முதல் ஞாயிறு தங்கள் வாசலுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தேன். சம்பந்தி அம்மாள் ரப்பர் காட்டிலிருந்து கரடி வந்துவிட்டது என்று கதவைச் சாத்தினார்கள். புஷ்பவல்லிதான் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "ஐயோ, அது எங்க அப்பா!" என்று ஓடி வந்தாள். வெந்நீர் வைத்துக் கொடுத்தாள், தங்கள் வேட்டியைக் கொடுத்தாள், மீன் குழம்பு ஊற்றினாள். நான் வேண்டாம் என்றேன். மூன்றாவது முறை சோறு போட்டபோதும் வேண்டாம் என்றுதான் சொன்னேன், தாங்களே சாட்சி.

குழாயை மாற்றிவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து முள்ளுக்கு ஒரு சுபாவம் வந்துவிட்டது. கிள்ளான் வரை ஒழுங்காக நிற்கும், தங்கள் தெருவுக்கு வந்ததும் விழும். கடல்காற்றாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். முள் விழுந்த வண்டியை ஓட்ட டிரைவர் மனசு இடம் தராது, ஆறட்டும் என்று சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. ரயிலில் வந்துவிட்டுப் போகலாமே என்று மாப்பிள்ளை கேட்டார். வேறொருவன் ஓட்டுகிற ரயிலில் நான் எப்படி உட்காருவது? தவிரவும், ரயில் யார் வீட்டு வாசலிலும் பழுதாகி நிற்காது. என் டூல் பையில் ஸ்பானருக்குப் பக்கத்தில் முறுக்கும் மல்லிகைப்பூவும் இருந்தது ஏன் என்று சம்பந்தி அம்மாள் கேட்டார்களாம். வழியில் வண்டி நின்றால் பசிக்கும், முறுக்கு அதற்காக. மல்லிகைப்பூ எதற்கு என்பதை யோசித்து எழுதுகிறேன்.

தங்கமணி கெட்டிக்கார பிட்டர். எனக்கு அதுதான் பயம். அவன் சரி பண்ணிவிட்டால் அப்புறம் நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்? திங்கட்கிழமை வண்டியைக் கழுவுகிறேன், செவ்வாய்க்கிழமை துடைக்கிறேன், மறுநாள் துடைத்ததையே மறுபடி துடைக்கிறேன். ஞாயிறு என்று ஒன்று இல்லாவிட்டால் மற்ற நாட்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. சோற்றுப் பானை மூன்று பேருக்கு வாங்கினது. சின்னதாக ஒன்று வாங்க பாசாருக்குப் போவேன், கடை வாசல் வரை போய்த் திரும்பி வந்துவிடுவேன். பின்னால் ரயில்வே யார்டில் இஞ்சின் ஊதினால் இன்ன ஆள்தான் ஓட்டுகிறான் என்று இங்கிருந்தே சொல்லிவிடுவேன். சொன்னால் கேட்கத்தான் வீட்டில் ஆளில்லை. எதையோ எழுத வந்து எதையோ எழுதிக்கொண்டு போகிறேன், மன்னிக்கவும். மொத்தத்தில் இந்தப் பழுது தீராத பழுது, கைராசியுள்ள பிட்டராலும் ஆகாது, அவனை லோரி வேலையிலேயே விட்டுவையுங்கள்.

சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் புஷ்பவல்லிக்கும் என் ஆசீர்வாதம், இருவரும் பதினாறும் பெற்று நிறைவாக வாழட்டும். தங்கள் வீட்டில் பால் பொங்குவது போல் எல்லாம் பொங்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி,
பக்கிரிசாமி

பின்குறிப்பு: உறைக்குள் போட்ட கடிதத்தைத் திரும்ப எடுத்து எழுதுகிறேன். மேலே உள்ளதைப் படித்துவிட்டு மறந்துவிடுங்கள். வண்டிக்கு ஒரு பழுதும் இல்லை. கேஜுக்கு அடியில், அதற்குப் போகிற எண்ணெயை மூடித் திறக்கிற சின்னத் திருகு ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டேன். உங்கள் தெருமுனையில் இஞ்சினை நிறுத்தி, அதை மூடிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவேன். மூடியிருக்கும் வரை முள் எழும்பாது. கிளம்பும் நேரத்தில் திறந்துவிடுவேன்.

நேற்று சாப்பிட்டதுமே திறந்துவிட்டேன். வாராவாரம் வந்து உங்களுக்குப் பாரமாக இருக்கிறேன் என்று திடீரென்று பட்டது. சீக்கிரம் கிளம்பிவிடுவோம், இனி தீபாவளிக்கு வந்தால் போதும் என்று முடிவு செய்து, உள்ளே வந்து உங்களிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, சொல்லிக்கொண்டு வெளியே போய் மிதித்தேன். முள் எழும்பவில்லை. உண்மையிலேயே கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். நீங்கள் தங்கமணி பேச்சை எடுத்தது அப்போதுதான். நான் குனிந்து பார்த்தேன். திருகு மூடியிருந்தது. மூடியது நான் இல்லை, சம்பந்தி. அதன் மேல் அப்போதுதான் அரைத்த மாவு ஈரமாக ஒட்டியிருந்தது. நிமிர்ந்தால், புஷ்பவல்லி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். "என்னப்பா, மறுபடி விழுந்திருச்சா? அப்ப இருங்க, காப்பி போடுறேன்" என்றாள். சின்ன வயதில் எனக்குச் சோறு கொண்டுவருகிற சாக்கில் இஞ்சினில் இருக்கிற திருகையெல்லாம் திருகிப் பார்த்து அடி வாங்கியவள். அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

வாழப் போன வீட்டில், 'அப்பா, இன்னும் கொஞ்ச நேரம் இருங்க' என்று அவளாகச் சொல்ல முடியாது. இருக்கிறேன் என்று நானாகவும் சொல்ல முடியாது. அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள் என்று நீங்கள் ஒரு வரி எழுதிவிட்டால், அப்பனும் மகளும் அந்தத் திருகை அதன் பாட்டுக்கு விட்டுவிடுகிறோம். எழுத நேரம் இல்லையென்றாலும் பாதகமில்லை. வண்டி எப்படியும் பழுதாகத்தான் போகிறது.