இடது மூலையில் பதினாறு

மனித குலத்தில் 'நன்றாக இருப்பதை நன்றாக இருக்க விடாதவர்' என்று ஓர் இனம் உண்டு. கெட்டுப்போனதைச் சரிசெய்வது மெக்கானிக்கின் வேலை. அதில் இவர்களுக்கு அக்கறை கிடையாது. கெடாமல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறதே, அதைப் பார்த்தால்தான் இவர்களுக்குக் கை அரிக்கும். மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரியைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் செந்தூலுக்குப் போய், ரயில் பாதையை ஒட்டிய கொண்டோ அடுக்ககத்தில் வாலண்டைன் வீடு எது என்று கேட்டால் போதும். கீழே கடையில் தே தாரிக் டீ ஆற்றுகிறவரே வழி காட்டிவிட்டு, "ஃபோன பாக்கெட்ல வச்சிக்கிட்டுப் போங்க பாஸ்" என்று சொல்லி அனுப்புவார்.

பகலில் வாலண்டைனுக்கு பிரிக்பீல்ட்ஸில் கணினி வேலை. மற்ற நேரமெல்லாம் ட்ரோன். பறக்கவிடுவார் என்று நினைத்துவிடாதீர்கள். ட்ரோன் ஓட்டுகிறவர் கண்ணில் ஒரு பெட்டிக்கண்ணாடி மாட்டிக்கொள்வார் அல்லவா? மேலே பறக்கிற ட்ரோன் பார்ப்பதெல்லாம் அதில் தெரியும். அந்தக் காட்சியின் மேல் பேட்டரி எவ்வளவு, உயரம் எவ்வளவு, எத்தனை சாட்டிலைட் பிடிபட்டிருக்கிறது என்று எண்களும் வரும். அந்த எண்களைக் காட்டும் மென்பொருளை யார் வேண்டுமானாலும் திறந்து மாற்றிக்கொள்ளலாம் என்று யாரோ ஒரு புண்ணியவான் விட்டுவைத்திருக்கிறார். வாலண்டைனுக்கு அது போதாதா? எழுத்தை மெலிதாக்குவார், தடிமனாக்குவார், மேலே இருப்பதைக் கீழே இறக்குவார், கீழே இருப்பதைப் பக்கத்தில் ஒதுக்குவார், கடைசியில் எல்லாவற்றையும் பழையபடியே வைத்துவிட்டு அதற்கு ஒரு புதுப் பதிப்பு எண்ணும் கொடுப்பார்.

"டூ மினிட்ஸ் குடு லா, அழகா பண்ணித் தரேன்." இதுதான் அவருடைய மந்திரம். அம்பாங் திடலில் ட்ரோன் நண்பர்கள் கூடும்போது அவர் கார் திரும்பும் சத்தம் கேட்டாலே எல்லா ட்ரோனும் பைக்குள் போய்விடும்.

மைத்துனன் டேரனுக்கு மட்டும் தப்பிக்க வழியில்லை. அவன் தங்கியிருப்பதே அக்கா கேத்தரின் வீட்டில், அதாவது வாலண்டைன் வீட்டில். தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு ட்ரோனை நம்பி இறங்கிய பையன். பண்டமாரானில் ஒரு பெரிய கிடங்கின் கூரை எங்கெங்கே ஒழுகுகிறது என்று மேலிருந்து படமெடுத்துக் காட்டும் வேலை வந்திருந்தது. மேலாளர் ஜாபர் அலிக்குத் திருப்தி என்றால் அந்த நிறுவனத்தின் மற்ற கிடங்குகளும் அவனுக்கே. இல்லையென்றால் பழையபடி தொழிற்சாலைக்குத்தான் போக வேண்டும். அப்படிப்பட்ட நாளின் காலையில் டேரன் குளிக்கப் போனான். ட்ரோன் மேசை மேல் இருந்தது.

ஆசையாகத்தான் செய்தார் வாலண்டைன், அதைச் சொல்லியாக வேண்டும். மைத்துனனின் முதல் பெரிய வேலை, திரை லட்சணமாக இருக்க வேண்டாமா? இடது மூலையில் கிடந்த பேட்டரி எண்ணை மேலே நடுவில் கொண்டுபோய் வைத்தார். மூலை மொட்டையாகத் தெரிந்தது; அங்கே சாட்டிலைட் எண்ணிக்கையை உட்கார வைத்தார். எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த குட்டிப் படம் எதற்கு என்று எடுத்துவிட்டார். பேட்டரி தீரும்போது நடுத்திரையில் பளிச் பளிச்சென்று மின்னும் எச்சரிக்கை நெடுநாளாகவே அவர் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. அதைச் சிறிதாக்கி, வலது ஓரத்துக்கு அனுப்பி, கூடவே வரும் பீப் ஒலியையும் அடக்கினார்.

"மச்சான், இன்னிக்கா கைய வைக்கணும்?" என்றான் ஈரத்தலையோடு வந்த டேரன். குரலில் அழுகை எட்டிப் பார்த்தது.

"பேட்டரி மட்டும்தான் மேல நடுவுல போயிருக்கு. வேற ஒண்ணும் இல்ல லா."

நேரமாகிவிட்டது. கிளம்பினார்கள். ஆம், வாலண்டைனும்தான். தன் கைவண்ணம் வானத்தில் ஏறுவதைப் பார்க்காமல் எப்படி இருப்பது?

டேரனின் ட்ரோனில் நிறைந்த பேட்டரி பதினாறு வோல்ட்டும் சொச்சமும் காட்டும். பதினான்கைத் தொட்டால் இறக்கிவிட வேண்டும். இந்த எண் இடம் மாறிவிட்டது என்று டேரனின் காதுக்குச் சொல்லியாகிவிட்டது. கண்ணுக்கு யார் சொன்னது? வருடக்கணக்கில் பழகிய கண், வேலை மும்முரத்தில் தானாக இடது மூலைக்கே போனது. அன்று வானம் தெளிவு. பிடிபட்ட சாட்டிலைட்டும் பதினாறு. எப்போது பார்த்தாலும் பதினாறு. நல்ல பேட்டரி என்று மகிழ்ந்துகொண்டே பையன் கூரையின் கடைசிக்கோடி வரை போனான்.

பக்கத்தில் வாலண்டைன் அதே காட்சி தெரியும் ஒரு கைத்திரையை ஜாபர் அலியிடம் காட்டி, எழுத்தின் வளைவை விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஓரத்துல என்னமோ சின்னதா துடிக்குதே, அது என்ன?" என்று கேட்டார் ஜாபர் அலி.

வாலண்டைனின் முகம் மலர்ந்தது. இத்தனை காலத்தில் யாரும் தானாக இப்படிக் கேட்டதே இல்லை. "அது பேட்டரி வார்னிங் பாஸ். முன்ன நடுவுல வந்து அசிங்கமா கத்தும். இப்ப பாருங்க, யாருக்கும் தொந்தரவு இல்ல."

"ஆமா, பாக்க நல்லாதான் இருக்கு," என்றார் ஜாபர் அலி மரியாதையாக.

இரண்டு பேரும் அதையே ரசித்துக்கொண்டு நின்றார்கள். திரை கறுத்தது. வெளிச்சத்துக்காகக் கூரையில் பதித்திருந்த பிளாஸ்டிக் தகடு ஒன்று உடையும் சத்தம் கேட்டது.

டேரன் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. கழற்றினால் ஜாபர் அலியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"ஓட்டை எங்கருக்குன்னு பாக்கத்தான் தம்பி கூப்பிட்டேன்," என்றார் ஜாபர் அலி. கோபமே இல்லாமல் சொன்னார். "பரவால்ல, வேற ஆள வச்சுப் பாத்துக்குறோம்."

வீட்டுக்கு வந்து, கண்ணாடியில் பதிவான படத்தை டேரன் கேத்தரினுக்குப் போட்டுக் காட்டினான். படம் முழுக்கப் பதினாறு. கடைசி வரை பதினாறு. தம்பியின் தோளில் கைவைத்த கேத்தரின் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வார்த்தை, மன்னிப்பாக ஒரே ஒரு வார்த்தை வருமென்று காத்திருந்தாள்.

வாலண்டைன் திரையருகே குனிந்தார். படத்தை நிறுத்தினார். அவருக்கும் மனசு கனத்துத்தான் இருந்தது, கண்கூடக் கலங்கியிருந்தது.

"தப்பு எங்கன்னு தெரிஞ்சுபோச்சு," என்றார். "அந்தப் பதினாற மஞ்சள் கலர்ல போட்டிருக்கணும். டூ மினிட்ஸ் குடு."

இப்படிப்பட்டவர்களோடு எப்படித்தான் குடும்பம் நடத்துவது என்று நீங்கள் தலையில் அடித்துக்கொள்வது தெரிகிறது. நியாயம்தான். ஆனால் ஒரு சின்ன சந்தேகம். போன மாதம் கிள்ளானுக்குப் போயிருந்தபோது, உங்கள் அம்மாவின் கைபேசியைப் பார்த்து, "என்னம்மா இது, பாசார் மாலாம் ராத்திரிச் சந்தை மாதிரி வச்சிருக்கீங்க" என்று சிரித்து, வேண்டாததையெல்லாம் நீக்கி, எழுத்தைப் பெரிதாக்கி, கீழ் மூலையில் இருந்த பச்சைப் பொத்தானை எங்கேயோ நகர்த்தி, அழகாக்கிக் கொடுத்துவிட்டு வந்தது யார்? அன்றிலிருந்து அம்மாவிடமிருந்து ஓர் அழைப்பும் வரவில்லை. ஏதோ கோபம் என்றுதானே இதுவரை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?