உலகத்திலேயே ஒன்றுதான்

சிவதர்ஷன் மெல்லத்தான் தொட்டான். இலை கழன்று கையோடு வந்தது. பதறிப்போய் அடுத்ததைத் தொட, அதுவும் விழுந்தது.

இரண்டு இனச் சதைப்பற்றுச் செடிகளைத் தூரிகையால் மகரந்தம் தடவி இனங்கலந்து, வருடக்கணக்காய்க் காத்திருந்து அவன் மனைவி தயாளினி உண்டாக்கிய செடி. தடித்த இலை, ஊதா விளிம்பு.

"உலகத்திலையே இது ஒண்டுதான். தண்ணி மட்டும் விட்டிடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் கொழும்புக்குத் தமக்கை வீட்டுக்குப் போயிருந்தாள்.

பண்டத்தரிப்பு வெயிலில் அது வாடுவதாக அவனுக்குத் தோன்றியது. பாவம் பார்த்துத் தினமும் ஒரு செம்பு தண்ணீர் விட்டிருந்தான்.

ஈரம் காயட்டும் என்று சாடியை முற்றத்து வெயிலில் வைத்தான். மத்தியானம் இலைகள் கருகிவிட்டன. தெம்பு வரட்டும் என்று ஆட்டெரு போட்டான். மறுநாள் தண்டு கூழாகிச் சாய்ந்தது.

மனைவி செடிக்கண்டு வாங்குகிற புத்தூர்த் தோட்டத்துக்கு மோட்டார்சைக்கிளில் ஓடினான். அங்கே அவனை யாருக்கும் தெரியாது. கடையில் தோட்டத்துச் சொந்தக்காரர் ஏரம்பர் தனியே இருந்தார். சிவதர்ஷன் போனில் படத்தைக் காட்டினான்.

"உதே? பின்னுக்கு ஒண்டு கிடக்குது, தம்பி."

அதே ஊதா விளிம்பு. அச்சு அசல்.

'உலகத்திலை ஒண்டுதானாம்!' என்று சிரித்துக்கொண்டே வாங்கி வந்து, பழைய சாடியிலேயே நட்டான்.

மறுநாள் காலை தயாளினி வந்தாள். விறாந்தையில் ஏறியதும் கையிலிருந்த பை நழுவி விழுந்தது.

"என்ன தயா?"

அவள் சாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

"இது... நல்லாத்தான்... இருக்கு. தண்ணி விட்டனீங்களோ?"

"சொட்டும் இல்லை!"

பேயைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தாள். பிடிபட்டுவிட்டோம் என்று சிவதர்ஷன் நினைத்தான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

அப்போது வாசலில் ஆட்டோ நின்றது. ஏரம்பரின் மனைவி அருமைநாயகி இறங்கி, படலையைத் தள்ளிக்கொண்டு அழுதபடி ஓடி வந்தாள்.

"தங்கச்சி, என்னை மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை! உன்ரை மனுசன் தண்ணி விட்டே சாக்காட்டிப்போடுவார் எண்டு, சாடியிலை அதே மாதிரி வேறை கண்டை நட்டுப்போட்டு உன்ரை கண்டை என்னட்டை ஒளிச்சுவைக்கத் தந்தியெல்லே, அந்தக் கண்டை என்ரை மனுசன் ஆரோ ஒரு விசரனுக்கு வித்துப்போட்டார்!"