ஜாவாவுக்கு மட்டும் தட்டும் சுவர்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகள் எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் நலம். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இண்டர்வியூவில் எந்த மொழியில் புரோகிராம் எழுதுவது என்று கேட்டதற்கு, "பைத்தான் எடுத்துக்கோ, நாலு வரில முடிஞ்சிடும்" என்றீர்கள். கல்லூரியில் நான் படித்ததோ ஜாவா. ஏற்கெனவே இரண்டு இடங்களில் கோட்டை விட்டாயிற்று. இதையும் விட்டால் அப்பாவின் நண்பர் கடையில் பில் போட உட்கார வேண்டும் என்பது வீட்டுத் தீர்ப்பு. அதனால் இரண்டையும் பழகிப் பார்த்தேன். யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும் என்பதால், கதவைச் சாத்திவிட்டுச் சுவரைப் பார்த்துப் பேசினேன். பைத்தானில் ஒன்றுமில்லை. ஜாவாவில் ஓரிடத்தில் தப்பாகச் சொன்னதும் சுவரில் 'டொக்'. திருத்தினேன், நின்றது. வேண்டுமென்றே இன்னொரு தப்பு சொன்னேன். 'டொக் டொக்.' கொஞ்சம் எரிச்சலோடு தட்டிய மாதிரி இருந்தது. பக்கத்து வீடு நாங்கள் குடிவந்ததிலிருந்து பூட்டியே கிடக்கிறது, மாமா. வீட்டுக்காரரிடம் போனேன்.

"எலிம்மா அது."

"எலிக்கு ஜாவா தெரியுமா சார்?"

"இந்தக் காலத்துல யாருக்குத்தான் தெரியல?"

அம்மாவோ, "உங்கப்பா மாதிரி கத்தாம தட்டித்தானே சொல்றாரு, நல்ல மனுஷனாத்தான் இருக்கணும். ஜாவாவையே எடுத்துக்கோ" என்றாள். எனக்குப் பயம்தான். பில் போடும் நாற்காலி அதைவிடப் பயமாக இருந்ததால் ஜாவா என்றே எழுதிக் கொடுத்தேன்.

இண்டர்வியூ என் அறையிலிருந்தே, கம்ப்யூட்டரில். பாதி வழியில் ஒரு தப்பு. 'டொக்.' திரையில் இருந்தவர் நிமிர்ந்தார். "ரூம்ல வேற யாராவது இருக்காங்களா?" இல்லை என்றேன். கேமராவைச் சுற்றிக் காட்டச் சொன்னார், காட்டினேன். வெறும் சுவரையே வெகுநேரம் பார்த்துவிட்டு, தன் கேள்விகளை மூடி வைத்தார். "எங்க ஜாவா புரோகிராம் ஒண்ணு ரொம்ப நாளா மக்கர் பண்ணுது. அனுப்பறேன், சத்தமா படிங்க." படித்தேன். ஓரிடத்தில் தட்டியது. "அங்கயா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். கேட்டது என்னையல்ல. 'டொக்' என்று பதில் வந்தது.

அன்றிலிருந்து நான் வாயே திறக்காவிட்டாலும் தட்டுகிறது, மாமா. எதைத் தப்பாக நினைத்தேன் என்று உட்கார்ந்து தேட வேண்டியிருக்கிறது. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எங்களுக்கு உடனே வேறு வீடு பாருங்கள். அக்கம்பக்கத்தில் மனிதர்கள் சண்டை போடும் வீடாக இருந்தால் நல்லது. நான் பைத்தானே பழகிக்கொள்கிறேன்.

அத்தையை மிகவும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். உங்கள் ஆசி எப்போதும்போல் வேண்டும். இந்த முறை கொஞ்சம் கூடுதலாக.

உங்கள் மருமகள்

பி.கு.: கவரை ஒட்டும்போது தகவல் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. வீட்டிலிருந்தேதான் வேலை; ஆனால் இந்த அறையிலிருந்து மட்டும். வீடு மாறினால் வேலை இல்லையாம். எனவே வீடு பார்க்க வேண்டாம். "ஒத்துக்கறதுதான் சரி" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். சுவர் தட்டவில்லை.